முன்தோல் இறுக்கம்: எனக்கு வந்தது வேறு, அப்பாவுக்கு வந்தது வேறு

ஆணுறுப்பின் முன்தோல் பின்னால் இறங்கக்கூடியது என்பதே 27 வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. நாலு வருஷம் ஹாஸ்டலில் இருந்தேன், எல்லாக் கதையும் பேசினோம், இது மட்டும் பேச்சில் வந்ததில்லை. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தபோது, குளிக்கையில் கொஞ்சம் வேகமாக இழுத்துப் பார்த்தேன். மொட்டு, அதாவது உறுப்பின் நுனி, பாதி தெரிந்ததும் நின்றுவிட்டது. விடாமல் இழுத்தேன். சுரீரென்று எரிந்தது, துண்டில் ஒரு பொட்டு ரத்தம். அன்று இரவு விடிய விடிய மொபைலில் தேடினேன். பாதிப் பேர் ஆபரேஷன்தான் என்றார்கள், மீதிப் பேர் லேகியம் விற்றார்கள்.

இதை எழுதுவது அந்த இரவில் உட்கார்ந்திருப்பவருக்காக. நான் டாக்டர் இல்லை, ஈரோடு பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுபவன். ஆனால் ஒரே வருஷத்தில் எங்கள் வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் இந்தப் பிரச்சினை வந்தது. பேர் ஒன்று, காரணம் வேறு, வைத்தியமும் வேறு. அதனால் க்ரீமைத் தேடுவதற்கு முன்னால், உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

சுருக்குப்பையின் வாய்

மொட்டை மூடியிருக்கும் தோல்தான் முன்தோல். பெரியவர்களுக்கு அது மொட்டுக்குக் கீழே உள்ள பள்ளம் வரை வலியில்லாமல் இறங்க வேண்டும், திரும்ப மேலேயும் வர வேண்டும். வாய் குறுகலாக இருந்து இறங்காவிட்டால் டாக்டர்கள் ஃபைமோசிஸ் என்பார்கள். பாட்டிமார்களின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பை நன்றாகத்தான் இருக்கிறது, வாயில் கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

குளித்து முடித்து, தோல் இளகியிருக்கும்போது, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மெதுவாக, வலி தொடங்கும் இடம் வரை மட்டும்.

தோல் மெத்தென்று, அதன் வழக்கமான நிறத்திலேயே இருந்து, வாய் மட்டும் குறுகலாக இருக்கிறதா? சின்ன வயதிலிருந்தே இப்படித்தானா? எனக்கு இருந்தது இதுதான். பெரும்பாலும் க்ரீமுக்கும் பொறுமைக்கும் மசிந்துவிடும்.

விளிம்பு வெள்ளையாக வெளுத்து, தழும்பு மாதிரி கெட்டியாக, இழுத்தால் வெடிப்பு விழுகிறதா? இது லைக்கன் ஸ்க்ளரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். இதை இழுத்துச் சரிசெய்ய முயலவே கூடாது. கவனிக்காமல் விட்டால் சிறுநீர் வரும் துளையையும் சுருக்கிவிடும். ரொம்ப வருஷம் போனால் புற்றுநோய் அபாயமும் கொஞ்சம் உண்டு. நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

சிவந்து, அரித்து, தயிர்த்திப்பி போல வெள்ளையாகப் படிந்து, விளிம்பைச் சுற்றி பிளேடால் கீறியது போல வெடித்திருக்கிறதா? முன்பு நன்றாக இறங்கிய தோல் இப்போது இறங்க மறுக்கிறதா? அப்படியானால் முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். அப்பாவின் கதை இதுதான், கீழே வருகிறேன்.

இன்னொன்று, தோல் சுற்றிலும் இறங்குகிறது, ஆனால் அடிப்பக்கம் ஒரு இழை மட்டும் வில்லின் நாண் மாதிரி விறைத்து மொட்டைக் கீழே வளைக்கிறது. நம் ஊரில் இதை நரம்பு என்று சொல்லிப் பயப்படுவார்கள். நரம்பு இல்லை, ஃப்ரெனுலம் என்ற தோல் இழை. அது குட்டையாக இருந்தால் உறவின்போது கிழிந்து, பயப்படும் அளவுக்கு ரத்தம் வரும். மரத்துப்போக ஊசி போட்டு அந்த இழையை மட்டும் நீட்டித் தைக்கும் சின்ன சிகிச்சை இருக்கிறது, முன்தோலை எடுக்க வேண்டியதில்லை.

சாதாரணமாக இருக்கும்போது இறங்கி, விறைப்பில் மட்டும் இறுக்கமாக இருப்பவர்களும் நிறைய. அவர்களும் முதல் வகையில்தான் சேர்த்தி.

நான் வீணடித்த 10 நாள்

நண்பன் ஒருவனிடம் சொன்னேன். "அடப் போ மாப்ள, இதுக்குப் போய்" என்று மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனான். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த ஒரு ட்யூபைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். 10 நாள் மொட்டு முழுக்கப் பூசினேன். எரிச்சல்தான் மிச்சம். பூச வேண்டிய இடம் எது, கூடவே என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் பூசினால் வேறு என்ன ஆகும்? பூஞ்சைத் தொற்று இருப்பவர் தனி ஸ்டீராய்டைப் பூசினால் இன்னும் மோசம். மேலுக்குச் சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை பரவும்.

அப்புறம், ராத்திரி டிவியில் "எந்தெந்தத் தேதியில் எந்தெந்த லாட்ஜில்" என்று வருகிற வைத்தியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இளமையில் செய்த தவறால் வந்தது என்று அவர்கள் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கைப்பழக்கத்தால் முன்தோல் சுருங்காது. அந்தப் பயத்தைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

போக வேண்டியது யூராலஜிஸ்ட்டிடம், அதாவது சிறுநீர்ப்பாதை டாக்டரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூராலஜி பிரிவு இருக்கும். இல்லாத ஊரில் பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவு, அல்லது தோல் மருத்துவர். ஓபி சீட்டு எழுதுகிற இடத்தில் விவரமெல்லாம் சொல்லத் தேவையில்லை. "யூரின் போற இடத்துல தோல் பிரச்சினை" என்றேன், அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். உள்ளே போய் "முன்தோல் இறங்க மாட்டேங்குது டாக்டர்" என்றால் முடிந்தது. அந்த ஒரு வரியை நான் பஸ்ஸில் இருபது தடவை ஒத்திகை பார்த்தேன்.

அவர் கேட்டவை: பிறந்ததிலிருந்தா, நடுவில் வந்ததா? சிறுநீர் போகும்போது தோல் பலூன் மாதிரி உப்புகிறதா? தாரை மெலிந்திருக்கிறதா? எரிச்சல், அடிக்கடி தொற்று உண்டா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை? பரிசோதனை இரண்டு நிமிடம்கூட இல்லை. "தழும்பு இல்லை, க்ரீமே போதும்" என்றார். இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

என் அக்கா மகனுக்கு மூன்று வயது. பாட்டி எண்ணெய்க் குளியலின்போது அவனுக்குத் தோலைத் தள்ளிவிடுவாள், "இப்பவே செஞ்சாத்தான் பின்னாடி சிரமம் இருக்காது" என்பாள். அதையும் கேட்டுவைத்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பிறக்கும்போது முன்தோல் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும், நகமும் சதையும் மாதிரி. வளர வளரத் தானே பிரியும், சிலருக்குப் பதின்வயது வரை ஆகும். டென்மார்க்கில் பள்ளி மாணவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்த யாகோப் ஓஸ்டர் 1968இல் வெளியிட்ட கணக்கில், 6-7 வயதில் 8 சதவீதம் பேருக்கு இருந்த இறுக்கம் 16-17 வயதில் 1 சதவீதமாகக் குறைந்திருந்தது. வலுவில் தள்ளினால் உள்ளே கிழிந்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத நோயை நாமே உண்டாக்கிவிடுவோம். குழந்தைகளுக்கு வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ, அடிக்கடி தொற்று வந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். பாட்டியிடம் இதைச் சொன்னபோது "நீ பெரிய டாக்டரு" என்றாள். ஆனால் விட்டுவிட்டாள்.

க்ரீமும் கையும்

எனக்கு எழுதிக் கொடுத்தது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் 0.05 சதவீத க்ரீம், வேறெதுவும் கலக்காதது. காலை ஒன்று, இரவு ஒன்று, ஆறு வாரம். பொதுவாக நாலிலிருந்து எட்டு வாரம் வரை கொடுப்பார்கள். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைப்பதோடு தோலைக் கொஞ்சம் மெலியவும் வைக்கும். முகத்தில் பூசினால் கெடுதல் என்கிற அதே குணம்தான் இங்கே உதவுகிறது. அந்த நேரத்தில் மெதுவாக நீட்டினால் தோல் விரிந்துகொடுக்கும். க்ரீம் மட்டும் பூசி நீட்டாமல் விட்டாலும், நீட்டிவிட்டு க்ரீமை மறந்தாலும் பலன் அரைகுறை.

நான் செய்த விதம் இது. வெந்நீரில் குளிப்பேன், ஐந்து நிமிடமாவது. தோலை உடம்பை நோக்கி மெதுவாக இறக்குவேன். இறுக்கம் தெரியும், ஆனால் வலி இருக்காது, அந்த இடத்தில் நிறுத்தி 30 விநாடி பிடிப்பேன். விடுவேன். இப்படி ஐந்தாறு தடவை. துடைத்துவிட்டு, பட்டாணி அளவைவிடக் குறைவான க்ரீமை அந்தக் குறுகலான வளையத்தில் மட்டும், வெளிப்பக்கமும் விளிம்பின் உள்பக்கமும் தடவுவேன். மொட்டில் அப்பத் தேவையில்லை. கடைசியாகத் தோலை முன்னால் கொண்டுவந்து மூடிவிட்டு, கை கழுவுவேன். மொத்தம் பத்து நிமிடம்.

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் அவசரப்பட்டேன், மறுபடி ஒரு கீறல். கிழிந்தால் நீட்டுவதை நிறுத்திவிட்டு, முழுக்க ஆறியபின் தொடர வேண்டும். ஒவ்வொரு கிழிசலும் தழும்பாக ஆறினால் வாய் இன்னும் சுருங்கும். எனக்கு நாலு நாள் போயிற்று. நாலாம் வாரக் கடைசியில் ஒருநாள் மொட்டு முழுசாக வெளியே வந்தது. சந்தோஷத்தைவிட அருவருப்புதான் முதலில். உள்ளே மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. அது சீழ் இல்லை, உதிர்ந்த தோல் செல்களும் தோலின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்தது. வெதுவெதுப்பான நீரில் நாலைந்து நாளில் போய்விட்டது. சுரண்டாதீர்கள். டெட்டால், வாசனை சோப்பு எதுவும் அங்கே வேண்டாம்.

இன்னொன்றை யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷம் மூடியே இருந்த மொட்டு காற்றுப் பட்டாலே கூசும், ஜட்டி உரசினால் துள்ள வைக்கும். பயந்தேன். தினம் குளிக்கும்போது கொஞ்ச நேரம் தண்ணீர் படவிட்டால் சில வாரங்களில் பழகிவிடும்.

இறுக்கம் தீர்ந்தபின் தினமும் ஒருமுறை இறக்கிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறுகலாம். ஆறு அல்லது எட்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் க்ரீமை நீங்களாக நீட்டிக்காமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். ஆன்லைனில் விரிப்பதற்கென்று வளையங்கள் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. எந்த வகை இறுக்கம் என்று தெரியாமல் அதை மாட்டிக்கொள்வது சூதாட்டம்.

இறக்கியது ஏறாவிட்டால்

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது மனதில் வையுங்கள். குறுகலான தோலை மொட்டுக்குக் கீழே இறக்கி அப்படியே விட்டுவிட்டால், அது ரப்பர் பேண்டு மாதிரி கவ்விக்கொள்ளும். மொட்டு வீங்கும், வீங்க வீங்கத் தோல் ஏறாது. இதன் பெயர் பாராஃபைமோசிஸ். ரத்த ஓட்டம் நின்று மொட்டு அழுகும் அளவுக்குப் போகக்கூடியது, அதனால் இது அவசரம்.

உடனே செய்யக்கூடியது: வீங்கிய இடத்தைக் கைக்குள் பொத்தி, ஐந்திலிருந்து பத்து நிமிடம் சீராக அழுத்துங்கள், நீர் வடியட்டும். துணியில் சுற்றிய ஐஸை நடுநடுவே வைக்கலாம். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் மொட்டை உள்ளே அழுத்தி, மற்ற விரல்களால் தோலை முன்னால் கொண்டுவாருங்கள். வரவில்லையா, அல்லது மொட்டு கறுத்து நீலம் பாய்கிறதா, மேலும் முயலாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் வீக்கம் வடிய அதன்மேல் சர்க்கரையைத் தூவுகிற முறைகூட உண்டு. ஆம், காப்பிக்குப் போடுகிற அதே சர்க்கரை.

வீட்டில் வயதானவருக்கு சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், குழாய் மாட்டும்போதோ சுத்தம் செய்யும்போதோ இறக்கிய தோலைத் திரும்ப மூடினார்களா என்று பாருங்கள். மறந்துவிடுவது சகஜம், அவரால் சொல்லவும் முடியாது.

அப்பா

என் கல்யாணம் முடிந்து நாலு மாதம். அப்பாவுக்கு 59 வயது, பத்து வருஷமாக சர்க்கரை. பாத்ரூமில் ரொம்ப நேரம் இருக்கிறார், வெளியே வரும்போது முகம் சுருங்கியிருக்கிறது என்று அம்மாதான் கவனித்தாள். "என்னன்னு கேளு கண்ணு, எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டீங்கறாரு." நானும் ஒரு வாரம் கேட்கவில்லை. அப்பாவிடம் எப்படிக் கேட்பது? கடைசியில் தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, என் கதையைச் சொன்னேன். அவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அதேதான் சாமி, ஆறு மாசமா" என்றார்.

அதே இல்லை. அவருக்கு வாழ்நாள் முழுக்க நன்றாக இறங்கிய தோல். சர்க்கரை கூடியிருக்கும்போது சிறுநீரிலும் சர்க்கரை போகும். முன்தோலுக்குள் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். திரும்பத் திரும்பத் தொற்று, வெடிப்பு, ஆறித் தழும்பு, மறுபடி வெடிப்பு. கூடவே ஒரு வருஷம் முன்பு அவருக்கு டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சேர்த்திருந்தார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள், ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றைக் கூட்டுவது அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரை டாக்டரிடம் தொற்றைச் சொல்லுங்கள், மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்று அவர் முடிவெடுக்கட்டும். 40 வயதுக்கு மேல் புதிதாக முன்தோல் இறுகுகிறவருக்கு சர்க்கரை நோயின் முதல் அடையாளமே இதுவாக இருப்பதும் உண்டு.

அப்பாவின் மூன்று மாத சராசரி சர்க்கரை, ஹெச்பிஏ1சி, 10.2 இருந்தது. முதலில் பூஞ்சை மருந்து, அதோடு சர்க்கரையைக் கீழே கொண்டுவருவது. ஆறு வாரத்தில் அரிப்பு போயிற்று, தழும்பு போகவில்லை. தழும்பு க்ரீமுக்கு மசியாது. ஆபரேஷன்தான்.

முன்தோலை முழுசாக எடுக்காமல், குறுகலான இடத்தில் வெட்டி அகலப்படுத்தித் தைக்கும் ப்ரெப்யூஷியோபிளாஸ்டி என்ற வழியும் இருக்கிறது. தோலை வைத்துக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். அப்பாவுக்குத் தழும்பு அதிகம் என்பதால் முழுசாக எடுப்பதுதான் சரி என்றார்கள். அதாவது சுன்னத். சர்ச்சில் வாசிக்கும் விருத்தசேதனம் என்பதும் இதேதான். அந்த இடம் மரத்துப்போக ஊசி, முக்கால் மணி நேரம், அன்று சாயங்காலமே வீடு. எடுத்த தோலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: பல பாலிசிகளில் சுன்னத்துக்குப் பணம் கிடையாது, நோய்க்கான சிகிச்சை என்றால் மட்டும் உண்டு. டாக்டரின் சீட்டில் நோயின் பெயர் தெளிவாக இருக்கட்டும்.

முதல் மூன்று நாள் வலி, மாத்திரைக்கு அடங்கியது. அதைவிடப் பெரிய தொல்லை துணி உரசுவது. என்னோடு வேலை செய்யும் பாய் ஒருவர்தான் வழி சொன்னார். அவர் வீட்டில் பையன்களுக்கு மார்க்கக் கல்யாணம், அதாவது சுன்னத், முடிந்ததும் கைலியின் நடுவே கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார்களாம், கூடாரம் மாதிரி, மேலே படாது. மின்விசிறிக் கொக்கியில் கயிறு கட்டி, அப்பாவின் வேட்டியை அதில் தூக்கிக் கட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

காயம் நனையாமல் எத்தனை நாள் என்பது டாக்டர் சொல்வதுதான். வீக்கம் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். விடியற்காலை விறைப்பு வந்து தையல் இழுக்கும், எழுந்து கொஞ்சம் நடந்தால் அடங்கும். பைக் இரண்டு வாரம் வேண்டாம், உறவு நாலிலிருந்து ஆறு வாரம் வேண்டாம். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல், சீழ் என்றாலோ, சிறுநீர் போகவில்லை என்றாலோ உடனே திரும்பிப் போக வேண்டும்.

தையல் தானே கரையும் நூல். பதினெட்டாம் நாள் காலையில் அப்பா பாத்ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டார். பதறி ஓடினேன். கதவை ஒரு சாண் திறந்து, உள்ளங்கையில் ஒரு துண்டு நூலை வைத்து நீட்டினார். "ஏஞ்சாமி, இது உழுந்துருச்சு. உழுகோணும்னுதான சொன்னாரு?" என்றார். ஆமாங்கப்பா என்றேன்.